செயற்கை நுண்ணறிவும் விஞ்ஞானத்தில் நம்பிக்கையும்

மக்களின் அச்சத்தை அறியாமையென்று இகழ்ந்துவிடுதல் எளிது. ஆயின், செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நிலவும் அச்சத்தை அவ்வாறு ஒதுக்கிவிடல் இயலாது. அணுகுண்டின் வரலாற்றிற் போலவே, இங்கும் எச்சரிப்போருள் முன்னிற்பவர் அக்கலையை வளர்த்தெடுத்த அறிஞரே.

கணினித் துறையின் உயர் விருதாகிய தூரிங் விருதினை 2018ஆம் ஆண்டுக்கு ஜெப்ரி ஹிண்டன், யோசுவா பெஞ்சியோ, யான் லெக்குன் என்னும் மூவர் பகிர்ந்து பெற்றனர். இவர்களுள் ஹிண்டன், இவ்வறிவின் தீங்குகளைத் தடையின்றி எடுத்துரைக்கும் பொருட்டு, கூகிள் நிறுவனத்தை விட்டு நீங்கியமையை 2023 மே மாதத்தில் அறிவித்தார். அம்மாத இறுதியில் வெளிவந்த அறிக்கையொன்று, இதனால் மனிதகுலம் அழியக்கூடிய இடரைக் குறைத்தல், கொள்ளைநோயையும் அணுவாயுதப் போரையும் தடுத்தலோடொப்ப, உலகின் முதன்மைக் கடமையாதல் வேண்டுமென்றது. ஹிண்டனும் பெஞ்சியோவும் அதிற் கையொப்பமிட்டனர். லெக்குனோ அத்தகைய அச்சம் மிகையென்று கூறிவருபவர்.

கற்றோர் தம்முள் முரண்படின் யாரை நம்புவது? பொதுமக்களின் இவ்வினா நியாயமானதே. விஞ்ஞானத்தில் நம்பிக்கை குன்றுவதும் இவ்விடத்திலேயாம். இதற்கு விடை காண, விஞ்ஞானம் நம்மை நம்பச் சொல்வது ஆளையா, சோதனையையா என்று முதலில் தெளிதல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். நம் உடலிலுள்ள புரதங்கள் சங்கிலி போன்றவை. அச்சங்கிலி மடிந்து கொள்ளும் வடிவே அதன் தொழிலை நிருணயிக்கும். அவ்வடிவை ஆய்வுகூடத்திற் கண்டறிய மாதங்கள், சிலவேளை ஆண்டுகள், செல்லும். கணிப்பினால் அதனை அறிய முயல்வோருக்கு 1994 முதல் ஈராண்டுக்கொரு முறை ஒரு போட்டி நடைபெற்று வருகின்றது. ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத வடிவங்களையே வினாவாகக் கொடுப்பர். ஆகவே, விடையைப் பார்த்தெழுத எவராலும் இயலாது. 2020ஆம் ஆண்டில் ‘அல்பாபோல்ட்’ என்னும் செயற்கை நுண்ணறிவு, நூற்றுக்குத் தொண்ணூற்றை விஞ்சிய இடைநிலைப் புள்ளி பெற்றது. அதனை ஆக்கிய டெமிஸ் ஹசாபிசும் ஜோன் ஜம்பரும் 2024இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றனர். உலகு அதனை ஏற்றது ஆக்கியோர் பெருமை கருதியன்று. அது தேறிய சோதனை கருதியேயாம். மேற்கூறிய எச்சரிக்கையில் ஹசாபிசும் கையொப்பமிட்டவர் என்பது நினைக்கத்தக்கது.

மறுபுறம், உரையாடும் எந்திரங்களை நோக்குக. அவை எண்ணிறந்த நூல்களிற் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்துக் கூறுபவை. 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர் சிலர், அத்தகைய எந்திரமொன்று புனைந்து தந்த, என்றும் நடவாத வழக்குகளை மேற்கோளாக நீதிமன்றுக்குச் சமர்ப்பித்தனர். எதிர்த்தரப்பார் அவற்றைத் தேடிக் காணாமையால் உண்மை வெளிப்பட்டது. நீதிமன்று 5,000 டொலர் அபராதம் விதித்தது.

காட்சி, கருதல், உரை என நம் முன்னோர் அளவை வகுத்தனர். உள்ளதை உள்ளவாறறிந்து கூறும் ஆப்தனது உரையே அளவையாகும் என்பது தருக்க நூலார் கொள்கை. எந்திரத்தின் கூற்று உரைபோலத் தோன்றினும், சோதித்துக் கொள்ளுமளவும் அளவையாகாது.

மனிதகுல அழிவு பற்றிய கூற்றோ கருதலின் பாற்பட்டது. காட்சிக்கு வாராததொன்றில் அறிஞர் வேறுபடுதல் விஞ்ஞானத்தின் தோல்வியன்று. அதற்காக அதனைப் புறக்கணித்தலும் தகாது. குளிர்ப்பெட்டிகளிற் பயன்பட்ட சில வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்குமென 1974இல் மொலினாவும் ரோலண்டும் கூறியதும் கருதலே. அந்தாட்டிக்காவின் மேல் அப்படலம் மெலிந்தமை 1985இல் அறிவிக்கப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. ஆராய்ச்சிக்கு வழிவிட்ட அச்சம் பயன் தந்தது.

ஆதலின், அச்சத்தை அடக்குதலும் அதற்கு அடிமையாதலும் வேண்டா. எச்சோதனை நடந்தது, அதனை நடத்தியவர் யார், முடிவுகள் வெளியிடப்பட்டனவா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. எந்திரங்களை ஆக்கும் நிறுவனங்கள் அவ்வினாக்களுக்கு வெளிப்படையாக விடையிறுக்குமளவே நம்பிக்கை வளரும். மாணவர்காள்! எந்திரம் தரும் விடையை மூலநூலோடு ஒப்புநோக்கிய பின்னரே கைக்கொள்வீராக. அப்பழக்கமே விஞ்ஞானக் கல்வியின் தொடக்கமாம்.