ஏற்றத்தில் தளரும் டீசல் லொறி



தலாத்து ஓயாப் பக்கத்துப் போஞ்சியும் கறிமிளகாயும் அம்பிட்டிய வழியாகக் கண்டிக்கு லொறியில் வருகின்றன. சமதளத்தில் நன்றாக ஓடிய வண்டி ஏற்றத்தில் திடீரெனத் தளர்ந்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகங் கொள்ளாது நின்றுவிடுவதும், பத்து நிமிடங் கழித்து ஒன்றும் நடவாதது போல மீண்டும் புறப்படுவதும் உங்களிற் பலர் அறிந்ததே. வாடிய மரக்கறியை வியாபாரி எந்த விலைக்குக் கேட்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விட்டுவிட்டு நேரும் இக்கோளாற்றுக்கு எடுத்த எடுப்பிலேயே எரிபொருட் பம்பைக் கழற்றுவிப்பது பெரும்பாலும் வீண்செலவாகும். முதலிற் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் நின்றபின் தடுப்பின் பலம் குறையும். அடுத்து, தளரும்போது வந்த புகையை நினைவு கூருங்கள். கரும்புகையாயின் டீசல் வருகிறது, காற்றே போதவில்லை. காற்று வடிகட்டியையும் அதன் குழாய்களையும் பாருங்கள். புகையின்றித் தளர்ந்தால் டீசல் போதவில்லை எனக் கொள்ளலாம்.

அவ்வாறாயின், தாங்கியின் மூடியையே நான் முதலிற் சந்தேகிப்பேன். அதிலுள்ள சிறு காற்றுத் துவாரம் அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி உறிஞ்சுதல் தடைப்படும். வண்டி தளர்ந்தவுடன் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உட்சென்று வண்டி பழைய பலம் பெறுமாயின் நோய் அதுவே. மூடி நன்றாயிருப்பின், தாங்கியிற் கிடக்கும் துணித்துண்டோ கசடோ உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்திருக்கலாம். எஞ்சின் நின்றதும் அது விலகும். ஓடத் தொடங்கியபின் மீண்டும் வந்து ஒட்டும். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது கலன்களிற் சேமித்த டீசலை வடிகட்டாது ஊற்றியவர்கள் தாங்கியைக் கழுவுவித்தல் நன்று. நீர் பிரிப்பானின் அடித்திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரையும் வடித்துவிடுங்கள்.

உறிஞ்சுகுழாயில் வெடிப்பிருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றே உட்புகும். ஆதலால் ஈரங் காணாமையால் குழாய் நல்லதென முடிவு செய்தல் தவறு.

பழைய வண்டியாயின், எஞ்சினை நிறுத்தி ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றவர் பம்பின் நெம்புகோல் இறுதிவரை செல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் மிதியினின்று செல்வது மின்சமிக்ஞையே. அதன் இணைப்புத் தளர்ந்தாற்கூட வண்டியின் கணினி வேகத்தைக் கட்டுப்படுத்தி, எச்சரிக்கை விளக்கை ஏற்றும். அத்தகைய வண்டியின் உயரழுத்தக் குழாய்களைக் கழற்ற முயலாதீர்கள். அங்கு டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்படும். மயிரிழைத் தாரையும் தோலைத் துளைத்துச் சதையினுட் செல்லும். அவ்வாறு பட்டால், வலி சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

திருத்துவோரிடம் போகும்போது, எந்த ஏற்றத்தில், தாங்கியில் எவ்வளவு டீசல் இருக்கையில், எந்நிறப் புகையுடன் வண்டி தளர்ந்தது என்பதை ஒரு தாளிற் குறித்துக் கொண்டு போங்கள்.