எச்சரிக்கை செயலி தூங்கிவிடக் கூடாது: ஒவ்வொரு ஆப்புக்கும் தனி பேட்டரி அமைப்பு

மழைக்காலம் வந்தால் வானிலை எச்சரிக்கை செயலியை போனில் ஏற்றிக்கொள்கிறோம். மாவட்டம், இருப்பிடம் எல்லாம் கொடுத்துவிடுகிறோம். மழை விட்டதும் மாதக்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை. அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கு அறிவிப்பு வருது. நம்ம போன் மட்டும் சும்மா கிடக்குது. நெட் இருக்கு, சார்ஜும் இருக்கு. அப்படியானால் கோளாறு செயலியில் இல்லாமலும் இருக்கலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க உங்கள் போனே அதைத் தூங்க வைத்திருக்கும்.

போன் ஏன் இப்படிச் செய்கிறது? பிராசஸர் எந்நேரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே மின்செலவு பல மடங்கு வேகமாக ஏறும். அதனால் இன்றைய போன்களில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று கலந்து வைக்கிறார்கள். ஆர்ம் நிறுவனம் 2011-இல் அறிவித்த ஏற்பாடு இது. திரையில் நீங்கள் பார்க்கும் ஆப்புக்கு வேகமான கோர் கிடைக்கும்; பின்னணியில் இருப்பவை பெரும்பாலும் சிக்கனக் கோரில் ஓடும்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடத் தொடங்கியது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து வரிசைப்படுத்தியது. ஆண்ட்ராய்டு 12 இன்னும் ஒரு படி மேலே போனது. சில மாதம் திறக்காத ஆப்பை உறக்கத்தில் போட்டு, இருப்பிட அனுமதி போன்றவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் அவசரமான அறிவிப்பு அனுப்பினாலும் ஆப்புக்கு வந்து சேராது. வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் செயலிதான் இதில் முதலில் மாட்டும்!

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ'வுக்குப் போங்கள். அங்கே 'பேட்டரி' பகுதியில் பொதுவாக மூன்று நிலைகள் இருக்கும்: அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட். எச்சரிக்கை செயலிக்கு முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அதே ஆப் இன்ஃபோ பக்கத்தில் கீழே வந்தால், பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இருப்பிட அனுமதி, அறிவிப்பு அனுமதி இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்சங் போனில் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஷாவ்மி போனில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கலாம். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

அதற்காக எல்லா ஆப்பையும் அவிழ்த்துவிடாதீங்க, சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துடும். வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு ஆப்டிமைஸ்டு போதும். சலுகை அறிவிப்பாகவே அனுப்பும் ஷாப்பிங் ஆப், எப்போதோ விளையாடும் கேம் இவற்றை ரெஸ்ட்ரிக்டடில் போடலாம். செட்டிங்ஸில் உள்ள பேட்டரி பக்கம், எது அதிகம் தின்கிறது என்று காட்டிவிடும். வீட்டில் விண்டோஸ் 11 கணினி இருந்தால் அங்கும் இதே மாதிரி வசதி உண்டு: டாஸ்க் மேனேஜரில் புரோகிராம் மேல் வலது கிளிக் செய்து, 'எஃபிஷியன்சி மோடு' கொடுத்தால் அது மட்டும் சிக்கனமாக ஓடும்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவதால் இந்த அமைப்புகள் அதைத் தடுக்காது. ஆனால் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்த ஆப், நீங்கள் மறுபடி திறக்கும் வரை எந்த அறிவிப்பும் காட்டாது. வீட்டில் பெரியவர்கள் போனில் யாராவது "வேகமா ஓடட்டும்"னு அதை அழுத்தி வைத்திருந்தால், எச்சரிக்கை செயலியை ஒருமுறை திறந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.