கிணற்றடியில் ஒரு தமிழ்ப் பாடம்

பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து, “அப்பு, துலா எப்படி மிதிக்கிறது?” என்று கேட்டால், “சோதனைக்குப் படிக்காமல் இதென்ன கேள்வி?” என்று நம்மிற் பலர் கடிந்துகொள்கிறோம். அந்தக் கேள்வியும் தமிழ்ப் பாடமே என்பதை இம்முறை சிந்திப்போம்.

செயற்றிட்டக் கற்றல் என்றால் என்ன?

ஒரு கேள்வியை எடுத்து, விடை தேடி, கண்டதை எழுதி, பிறருக்குப் பயன்படக் கொடுப்பதே செயற்றிட்டக் கற்றல். அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1918இல் இம்முறையை விளக்கி எழுதினார். நமது நாட்டிலும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஊர்த் தொழில்களை வகுப்பறைக்குள் கொண்டுவர முயன்றது.

ஓர் எடுத்துக்காட்டு

தரம் 9 தமிழ் வகுப்பு, “தீவகத்தில் ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்த கிணறு உவராகவும் இருப்பதேன்?” என்ற கேள்வியை எடுக்கட்டும்.

1. கேட்டல்: பிள்ளைகள் வினாக்களை எழுதிக்கொண்டு பெரியோரிடம் போவர். துலா, ஆடுகால், பட்டை, வாய்க்கால், பாத்தி, பூவல் என்று வரும் சொற்களைப் பொருளோடு குறிப்பர்.

2. ஆராய்தல்: மழைநீர் சுண்ணக்கல்லினூடாக இறங்கி, நிலத்தடி உவர்நீரின்மேல் மிதக்கிறது. துலாவால் அளவாக இறைத்தபோது நன்னீர் பெரும்பாலும் நிலைத்தது. இயந்திரத்தால் மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலே ஏறும். பெரியோர் சொன்னதை விஞ்ஞான ஆசிரியர் சொல்வதோடு ஒப்பிடுவர்.

3. எழுதுதல்: ஒருவர் கட்டுரை, ஒருவர் சொற்பட்டியல், வேறொருவர் தூர்ந்த பொதுக்கிணற்றைத் துப்புரவாக்கக் கேட்டுப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதுவர்.

4. வாசித்தல்: எழுதியதைப் பெற்றோர் முன் வாசித்துத் திருத்துவர்.

கட்டுரை, கடிதம், சொல்வளம் மூன்றும் சோதனைக்கும் வேண்டியவையே. ஆகவே பிள்ளையின் நேரம் வீணாகவில்லை. ஆயினும் இலக்கணப் பயிற்சியைக் கைவிடக்கூடாது. வாரத்தில் ஓரிரு பாடவேளை செயற்றிட்டத்துக்குப் போதும்.

நமது பங்கு

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்தக் கிணறுகளைக் கண்டதில்லை. துலா மறைந்தபின் அதன் சொற்கள் நம் நாவில் மட்டுமே இருக்கின்றன. நாம் சொல்லாவிட்டால் அவையும் நம்மோடு போய்விடும். ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கையை ஆராய்ந்தவர். மொழியும் நிலமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அவரது பணி நமக்கு உணர்த்துகிறது.

ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை: விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேசச் சிலருக்கு மனம் தாங்காது. அவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களின் பிள்ளை இப்போது தண்ணீர் அள்ளும் கிணற்றைப் பற்றி எழுதட்டும்.

கூடிப் பேசுவோம்

• பிள்ளைக்கு நாம் இன்னும் சொல்லாத தோட்டச் சொற்கள் எவை?
• நமது குடியிருப்பில் எந்தக் கிணற்றைப் பற்றிப் பிள்ளைகள் முதலில் எழுதலாம்?