ஓர் அடிக்கு ஒரு படம்

நுழையும்முன்

மொட்டு மலராக விரிவதையும் மேகங்கள் வானைக் கடப்பதையும் சில நொடிகளில் காட்டும் காணொலிகளைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றுள் சிலவற்றில் கேமராவும் நெடுந்தொலைவு நகர்ந்து செல்லும். அத்தகைய காணொலி எவ்வாறு உருவாகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காணொலி என்பது அடுத்தடுத்து விரைவாகக் காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசையே ஆகும். ஒரு நொடிக்கு 25 படங்கள் காட்டப்பட்டால், கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை. (நொடி என்பது விரலை நொடிக்கும் நேரம். எழுத்தை ஒலிக்கும் மாத்திரைக்கும் இலக்கண நூலார் இதனையே அளவாகக் கொண்டனர்.) பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்து, அவற்றை நொடிக்கு 25 வீதம் ஓட்டினால், 250 நொடிகளில் நிகழ்ந்தது ஒரே நொடியில் நிகழ்ந்து முடியும். இம்முறை டைம்லேப்ஸ் எனப்படும்.

கேமராவை முக்காலியின்மேல் பொருத்தி அசையாமல் வைத்துவிட்டால் இது எளிது. கேமராவையும் நகர்த்த விரும்பினால்தான் தொல்லை தொடங்குகிறது. மணிக்கணக்கில் நடந்த நகர்வு சில நொடிகளுக்குள் சுருங்கும்போது, ஒவ்வொரு படத்திலும் உள்ள சிறு பிசகும் சுருங்காமல் அப்படியே நிற்கும். ஒரு படம் சற்று இடப்புறமும் அடுத்தது சற்று வலப்புறமும் விலகியிருந்தால், திரையில் கட்டடமே நடுங்குவதுபோல் தோன்றும். ஆகவே கேமராவைச் சீராக நகர்த்துவதே இக்கலையின் பெரும்பகுதி.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வங்கிப் பணியில் இருந்த ஜான் ஓட் என்பவர், 1920களின் இறுதியில் பொழுதுபோக்காகச் செடிகளை இம்முறையில் படமெடுக்கத் தொடங்கினார். செடி வளர வளரக் கேமராவும் அதனுடன் நகருமாறு, தாமே இயங்கும் பொறிகளை அவர் அமைத்தார். பின்னர் 1982இல் வெளிவந்த 'கோயானிஸ்காட்ஸி' என்னும் படத்தின் ஒளிப்பதிவாளர் ரான் ஃபிரிக், 1992இல் 'பராகா' என்னும் படத்தை இயக்கினார். 24 நாடுகளில் எடுக்கப்பட்ட அப்படத்தில் காசியின் கங்கைக்கரையும் இடம்பெறுகிறது. டைம்லேப்ஸ் எடுக்கும்போதே மெல்ல நகரக்கூடிய, கணினி இயக்கும் கேமராவை அதற்கென உருவாக்கினர்.

ஆனால் பொறி நகர்த்தும் தொலைவுக்கு எல்லை உண்டு. தண்டவாளம் முடியும் இடத்தில் நகர்வும் முடிந்துவிடும். காலமோ மாதக்கணக்கில் நீண்டால் என்ன செய்வது? பிபிசி நிறுவனம் 2009இல் ஒளிபரப்பிய 'லைஃப்' தொடரின் தாவரங்கள் பற்றிய பகுதி இதற்கு ஒரு விடை கண்டது. அதில் ஒரு காட்டின் ஊடே கேமரா செல்கிறது. செல்லும்போதே இலைகள் துளிர்க்கின்றன; பூக்கள் மலர்கின்றன; கொடிகள் படர்கின்றன. திரையில் அக்காட்சி ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடுகிறது. அதனை உருவாக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒரு கேமராவைக் காட்டில் மாதக்கணக்கில் நிறுத்திப் பிசகின்றி நகர்த்துதல் இயலாது. மழையும் காற்றும் விலங்குகளும் அதனைக் கலைத்துவிடும். எனவே காட்டில் கேமரா சென்ற பாதை நுட்பமாக அளந்து குறிக்கப்பட்டது. பிறகு படப்பிடிப்பு அரங்கில் ஒவ்வொரு செடியும் தனித்தனியே வளர்க்கப்பட்டு, அதே பாதையில், அதே கோணத்தில் கேமராவை நகர்த்திப் படமெடுக்கப்பட்டது. இறுதியில் செடிகளின் படங்கள் அடுக்கடுக்காகக் காட்டின் படத்தின்மேல் பொருத்தப்பட்டன. ஓர் அடுக்கின் நகர்வு மற்றோர் அடுக்கின் நகர்வோடு சிறிதே முரண்பட்டாலும், செடி தரையில் நிற்காமல் மிதப்பதுபோல் தெரிந்துவிடும்.

அரங்கில் வளர்ந்த செடியைக் காட்டுச் செடியாகக் காட்டுதல் பொய்யாகாதா என்னும் வினா இங்கு எழும். எழவும் வேண்டும். செடி வளர்ந்தது உண்மை. வளர்ந்த இடம்தான் வேறு. அத்தொடரைத் தயாரித்தவர்கள் படமெடுத்த விதத்தை நிகழ்ச்சியின் இறுதியிலேயே தனிப் பகுதியாகக் காட்டினர். செய்த முறையைப் பார்ப்பவரிடம் மறைக்காததே அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. 2022இல் வந்த 'தி கிரீன் பிளானட்' தொடரில், காட்டிலேயே நின்று செடிகளிடையே நெளிந்து செல்லும் 'ட்ரிஃபிட்' என்னும் பொறியும் பயன்பட்டது. ஆங்கில நாவல் ஒன்றில் வரும் நடக்கும் தாவரத்தின் பெயர் அது.

விலையுயர்ந்த பொறி எதுவுமின்றி, நடந்தே எடுக்கும் முறையும் உண்டு. அது ஹைப்பர்லேப்ஸ் எனப்படும். ஓர் அடி எடுத்துவைத்து, நின்று, ஒரு படம் எடுத்து, மீண்டும் ஓர் அடி வைப்பதே அம்முறை. டெல்லியில் கர்த்தவ்ய பாதையில் நின்று, 42 மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட் நினைவுச்சின்னத்தை நோக்கி நடந்து படமெடுப்பதாகக் கொள்வோம்.

பத்து நொடிக் காணொலிக்கு 250 படங்கள் தேவை. அடிக்கு அரை மீட்டர் வீதம் நடந்தால் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 125 மீட்டர். முக்காலியைத் தூக்கி, நகர்த்தி, மட்டம் பார்த்து, படமெடுக்க ஒரு முறைக்கு 20 நொடிகள் ஆகுமெனில், மொத்தம் 5000 நொடிகள். அதாவது 83 நிமிடங்களுக்கும் மேல். அதற்குள் வானில் சூரியன் ஏறத்தாழ 21 பாகை நகர்ந்திருக்கும், நிழல்கள் இடம்மாறியிருக்கும். நடுவில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார் என்று ஐந்து நிமிடம் நின்றுவிட்டால், காணொலியில் மேகமும் நிழலும் அவ்விடத்தில் திடீரெனத் தாவும். அன்றைய மாலை மறுபடி வராது. முதலிலிருந்து மறுநாள்தான் தொடங்கவேண்டும்.

அடிகள் சமமாக இருக்க, நடைபாதைக் கற்களை எண்ணி நடக்கலாம். அல்லது அளந்து வெட்டிய கயிற்றைப் பயன்படுத்தலாம். எனினும் சம அடி எப்போதும் சமமான நகர்வாகத் தோன்றுவதில்லை. 300 மீட்டர் தொலைவில் அரை மீட்டர் முன்னேறினால், நினைவுச்சின்னம் திரையில் 600இல் ஒரு பங்கே பெரிதாகும். 50 மீட்டர் தொலைவிலோ அதே அரை மீட்டர் 100இல் ஒரு பங்கு பெரிதாக்கிவிடும். நெருங்க நெருங்க அடியைக் குறுக்காவிட்டால் கட்டடம் பாய்ந்து வருவதுபோல் இருக்கும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது, மாறாத புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தல். இந்தியா கேட்டின் உச்சியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஐந்து எழுத்துகள், நடுவில் இருப்பது 'டி'. கேமராத் திரையில் கட்டக்கோடுகளைத் தோன்றச்செய்து, கோடுகள் வெட்டும் ஓரிடத்தில் அந்த எழுத்து எல்லாப் படங்களிலும் விழுமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். தொலைவில் எழுத்து தெளியாவிட்டால் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்புள்ளி அசையாதவரை, சுற்றியுள்ள மரமும் மக்களும் வண்டிகளும் எப்படி விரைந்தாலும் கண் தடுமாறாது. கேமரா சாயாமல் இருக்கக் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் போன்ற சிறு மட்டம் உதவும்.

ஒளியையும் கவனிக்கவேண்டும். கேமராவைத் தானியங்கி நிலையில் விட்டால், வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் குறுக்கே வந்தாலே அது ஒளியளவை மாற்றிக்கொள்ளும். காணொலி மின்னி மின்னி மங்கும். ஒளியளவு, குவியம், வண்ணச் சமநிலை மூன்றையும் கையாலேயே நிலைநிறுத்துதல் நன்று. அந்தி வேளையில் மட்டும் ஒளியளவைச் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். ஷட்டர் சற்று நீண்ட நேரம் திறந்திருந்தால், நடப்பவர்கள் வெட்டி வெட்டித் தோன்றாமல் நீரோட்டம்போல் கலந்து தெரிவர். பகலில் அவ்வாறு செய்ய, குளிர்கண்ணாடி போன்ற இருண்ட வடிகட்டியை லென்சின் முன் பொருத்துவர்.

எஞ்சிய நடுக்கத்தைக் கணினியில் நீக்கலாம். மென்பொருள் அந்த மாறாத புள்ளியைக் கண்டறிந்து படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிசெய்யும்போது ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே எடுக்கும்போதே நான்கு புறமும் சற்று இடம் விட்டு எடுக்கவேண்டும். கைப்பேசிச் செயலிகள் நடந்தெடுத்த காணொலியை விரைவுபடுத்தி நடுக்கத்தைக் குறைத்துத் தருகின்றன. விளையாட்டுக்கு அது போதும்.

பொது இடத்தில் முக்காலி வைக்கும்முன் அங்குள்ள காவலரிடம் கேட்டறிதல் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவை. பின்னோக்கி நடந்து எடுப்பவர் பின்னால் பார்க்க ஒரு நண்பரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

சொற்பொருள்

பிசகு – சிறு தவறு, விலகல்
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
குவியம் – உருவம் தெளிவாக விழும் நிலை
ரசமட்டம் – தளம் சமமாக உள்ளதா எனக் காட்டும் கருவி

பயிற்சி

1. பிபிசியின் காட்டுக் காட்சியில் செடிகளை அரங்கில் வளர்த்தது ஏன்?
2. அது பொய்யாகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எட்டு வரிகளில் எழுதுக.
3. ஆறு நொடிக் காணொலி எடுக்க எத்தனை படங்கள் தேவை? அடிக்கு 40 செ.மீ. வீதம் நடந்தால் ஏறத்தாழ எத்தனை மீட்டர் நடக்கவேண்டும்?
4. 'முக்காலி' என்பதைப் பிரித்து எழுதுக. வீட்டில் இச்சொல் வேறு எப்பொருளைக் குறிக்கும் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.
5. 'மின்னி மின்னி', 'வெட்டி வெட்டி' போன்ற அடுக்குத்தொடர் மேலும் ஒன்றைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
6. நீர் வாழும் ஊரில் உள்ள ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் மாறாத புள்ளியாக எதனைக் கொள்வீர், எந்த வேளையில் எடுப்பீர் என்பதைப் படம் வரைந்து விளக்குக.