குறையை மறைக்காத வியாபாரம்



2023 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் டைசன் ஃபுட்ஸ் நிறுவனம், தான் விற்ற உறைய வைத்த சிக்கன் நக்கெட்ஸ் பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகளைக் கவர டைனோசர் வடிவத்தில் செய்யப்பட்டவை அவை. உள்ளே சிறு உலோகத் துண்டுகள் கிடந்ததாக வாங்கியவர்கள் முறையிட்டிருந்தார்கள். ஒருவருக்கு வாயில் இலேசான காயம். அதற்காகத் திரும்பப் பெறப்பட்டதோ 29,819 பவுண்டு, அதாவது சுமார் 13,500 கிலோ!

எல்லாப் பாக்கெட்டிலும் உலோகம் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. இருக்கலாம் என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது. அவை செப்டம்பர் 5 அன்று தயாரானவை. உறையில் போட்டிருந்த தேதியோ 2024 செப்டம்பர் 4. அறிவிப்பு வராவிட்டால் இன்னும் பத்து மாதங்கள் வீட்டு ஃப்ரீஸர்களில் அவை இருந்திருக்கும்.

குற்றம் எங்கே இருக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்.

கவனியுங்கள்! மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். இயந்திரத்தின் துண்டு உணவில் விழுவதும் அப்படித்தான். தெரிந்த பின் வாய்மூடி இருப்பதுதான் மோசடி.

நம் கடமை என்ன?

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! இத்தகைய அறிவிப்பு வந்தால் சரக்கை உடனே எடுத்து ஒதுக்குங்கள். விலையைக் குறைத்துத் தள்ளிவிடாதீர்கள். நஷ்டம் நமக்கு, காயம் பிறர் வீட்டுக் குழந்தைக்கு என்றால் எது பெரிது?

வாங்கியவர்களே! உறையில் உள்ள எண்ணையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளை டப்பாவுக்கு மாற்றினாலும் உறையை எறியாதீர்கள். பொரித்தாலும் உலோகம் போகாது. எனவே குப்பையில் போடுங்கள். அல்லது வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்.

வீணாகிறதே என்று ஏழைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாமே வாங்கத் தயங்கும் மட்டமானதை தர்மமாகக் கொடுப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. நம் பிள்ளையின் தட்டில் வைக்க அஞ்சுவதை அடுத்தவர் பிள்ளையின் தட்டில் வைப்பது எப்படி தர்மமாகும்?

குறையை மறைக்காத வியாபாரிகளாகவும், பிறர் நலன் பேணுபவர்களாகவும் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.