மார்ஷல் கண்ட மறுவாழ்வு

இரண்டாம் உலகப்போர் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஐரோப்பிய மக்களின் துயரோ முடிந்திலது. நகரங்கள் இடிந்து கிடந்தன. பாலங்களும் இருப்புப்பாதைகளும் சிதைந்திருந்தன. போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மார்ஷல், 1947ஆம் ஆண்டில் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை சிறியது. அதன் பொருளோ பெரியது. உழவன் விளைத்த தானியமும் நகரத்தார் செய்த பண்டமும் கைம்மாறுதலே நாகரிக வாழ்வின் அடிப்படை என்றார் அவர். ஆலைகள் பழுதுற்று நின்றமையால், கொடுப்பதற்குரிய பண்டம் நகரத்தாரிடம் இல்லை. ஆதலின் உழவன் தானியத்தைக் கால்நடைக்கு இட்டான். நகரத்தார் பசியால் வாடினர். இம்முறிவைச் சீர்செய்தாலன்றி அமைதி நிலைபெறாது என்பது மார்ஷலின் துணிபு.

உதவி பெறுவோரின் தன்மதிப்பையும் அவர் மறந்திலர். திட்டத்தை ஐரோப்பிய நாடுகளே கூடி வகுத்தல் வேண்டும் என்றார். சோவியத் ஒன்றியமும் அதன் சார்பு நாடுகளும் சேரவில்லை. பிற நாடுகளுள் 16 ஒன்றுகூடித் திட்டம் வகுத்தன. 1948 முதல் நான்காண்டுகளில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவி வழங்கப்பெற்றது. போரில் தோற்ற மேற்கு ஜெர்மனியும் அதனைப் பெற்றது.

மார்ஷல் எக்கட்சியையும் சார்ந்திலர். தம் நினைவுகளை நூலாக்கிப் பொருளீட்டவும் மறுத்தார். போர்த்தொழிலிலே வாழ்நாளைக் கழித்த அவருக்கு 1953ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பெற்றது. வென்றவர் தோற்றவரையும் வாழ்விக்கும்பொழுதே போர் உண்மையில் முடிவுறுகின்றது என்பதை அவர்தம் பணி உணர்த்துகின்றது.