நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாக்கும் வாய்ப்புற்றும்

நம்பிக்கை: "வெறும் வெற்றிலை பாக்குதானே! புகையிலை சேர்த்தால்தான் புற்றுநோய் வரும்."

மோகனூர்க் காவிரிக்கரையின் கொடிக்கால் பக்கம் இந்தப் பேச்சு சகஜம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், தனிப் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. வெற்றிலையைத் தனியாக அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பழி பாக்கின் மேல்தான்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்பக்கத்தில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. முதலில் குழம்பின் காரம் பட்டாலே எரியும். பிறகு உட்கன்னம் வெளிறி விறைக்கும். வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வரும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நிலையிலிருந்து சிலருக்குப் புற்றுநோய் வருகிறது. பாக்குப் பொட்டலத்தைப் பையிலேயே வைத்திருக்கும் இளவட்டங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம்.

நம்பிக்கை: "சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும்."

பயாப்ஸி எனப்படும் அந்தச் சதைப் பரிசோதனை இல்லாமல் என்ன நோய், என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய முடியாது. இந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் முற்றுகிறது.

நம்பிக்கை: "புது ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவில், நமக்கு எங்கே எட்டும்?"

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. சிலவகை ரத்தப் புற்றுகளுக்கானது அது. பெருமைதான். ஆனால் அதற்குச் சமமாகப் பேசப்பட வேண்டிய நம் நாட்டு ஆய்வுகள் இன்னும் இரண்டு உண்டு. திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்த்தார்கள். அந்த ஒரே ஒரு பரிசோதனை, கர்ப்பப்பைவாய்ப் புற்று மரணத்தை 35 சதவீதம் குறைத்தது. 2007-இல் அதுவும் லான்செட்டில் வந்தது.

வாயில் வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, மூன்று வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.